கே.ஏ. குணசேகரனின் ஒலிநாடாக்களை எப்படிக் கேட்பது?

கேள்வி

கே.ஏ. குணசேகரன் 2016 ஜனவரி 17 அன்று புதுச்சேரியில் காலமானார். வயது அறுபது. பேராசிரியர், நாடகாசிரியர், ‘வடு’ என்ற தன்வரலாற்றை எழுதியவர், தலித் அரங்கின் முன்னோடி, நாட்டுப்புறவியல் ஆய்வாளர் என்று அவருக்குப் பல அடையாளங்கள் உண்டு. பாடகர் என்பது அவற்றில் ஒன்றாகத்தான் எண்ணப்படுகிறது. ஆனால் அவரை நேரில் கேட்ட தலைமுறையிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கணீர்க் குரல்தான். அப்புறம்தான் புத்தகங்கள்.

நினைவில் முன்னால் நிற்கும் குரல் எழுத்தில் பின்னால் நிற்கிறது. ‘வடு’ ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு வகுப்பறைகளுக்குப் போய்விட்டது. ‘பலியாடுகள்’ தமிழின் முதல் தலித் நாடகம் என்று மேற்கோள் காட்டப்படுகிறது. ‘மனுசங்கடா’, ‘தன்னானே’ முதலிய ஒலிநாடாக்களோ போகிற போக்கில் ஒரு வரியில் குறிப்பிடப்படுவதோடு சரி. கிடைக்கிற ஒரு வரியும் இரண்டு வகையில்தான் அமைகிறது. ஒரு சாரார் அவற்றை நாட்டுப்புறப் பாடல்களைக் காப்பாற்றிய ஆவணம் என்கிறார்கள். இன்னொரு சாரார் இயக்க மேடைக்கு வலுச்சேர்த்த பிரச்சாரப் பாடல்கள் என்கிறார்கள்.

இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் ஒரு கலைஞர் எந்தப் பாட்டை எடுத்தார், எதற்கு அடுத்து எதை வைத்தார், எப்படிப் பாடினார் என்ற கேள்விகள் இரண்டு வகையிலும் எழுவதில்லை. அந்த ஒலிப்பதிவுகளைத் தேர்ந்த கலைப்படைப்புகளாகக் கேட்க முடியுமா, கேட்டால் என்ன தெரியவரும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கேட்கும் இடமாகப் புதுச்சேரியின் கிராமப்புறம், குறிப்பாக வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. குணசேகரன் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்த நிலத்தின் உழவர் பகுதி இது. பாட்டைப் பற்றிய பழைய சான்றுகளுக்கும் இங்கே குறைவில்லை.

ஏட்டில் ஏறியதும் ஏறாததும்

பாகூரின் பெயர் கல்வி வரலாற்றில் உறுதியாகப் பதிந்த ஒன்று. பல்லவன் நிருபதுங்கன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள், ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கே இயங்கிய வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைச் சொல்கின்றன. வடமொழிக் கல்விக்காக நிலம் ஒதுக்கி, அதைச் செம்பில் வெட்டியும் வைத்தார்கள். அந்த நிலத்தில் நாற்று நட்டவர்கள் என்ன பாடினார்கள் என்பதை எந்தச் செம்பும் சொல்லவில்லை. எதைப் பதிவு செய்வது என்ற முடிவு எப்போதும் வசதியுள்ளவர் கையில் இருந்தது என்பதற்குத் தமிழகத்தில் எத்தனையோ சான்றுகள் காட்டலாம். பாகூரில் அது மிகத் தெளிவாகத் தெரிகிறது.

உழைப்பவரின் பாட்டு இந்த வட்டாரத்திலிருந்து எழுத்தில் ஏறியதற்கு அருமையான சான்று பாரதியிடம் கிடைக்கிறது. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்த பாரதி, அங்கே எழுதிய ‘குயில் பாட்டு’க்குள் குயில் நெஞ்சைப் பறிகொடுத்த ஒலிகளுக்கு ஒரு பட்டியல் தருகிறார். ஏற்றம் இறைப்பவர் பாட்டு, நெல் குத்தும் பெண்களின் குரல், சுண்ணாம்பு இடிப்பவர் பாட்டு, பண்ணைப் பெண்களின் பாட்டு, வட்டமிட்டுக் கைகொட்டிப் பாடும் கும்மி எல்லாம் அதில் வரிசையாக வருகின்றன. புதுச்சேரியை ஒட்டிய தோப்பைக் களமாகக் கொண்ட காவியத்தில் வருவதால், அந்தக் காலத்து ஒலிச்சூழலுக்கு ஒரு சாட்சியமாகவே இதைக் கொள்ளலாம். பாட்டின் சொற்களையும் மெட்டையும் பாரதி எழுதி வைக்கவில்லை. அவை இருந்தன என்பதையும் கேட்கும் நெஞ்சை அவை என்ன செய்தன என்பதையும் எழுதி வைத்தார்.

பாட்டின் சொற்களைத் தொகுத்தவர்கள் வேறு. சார்ல்ஸ் கோவர் 1871-இல் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்சி மாக்வீன் திரட்டிய பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் ‘மலையருவி’ என்ற பெயரில் பதிப்பித்தார். நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964-இல் வந்து, பாட்டை வர்க்க வரலாற்றோடு சேர்த்துப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. குணசேகரன் வளர்ந்த ஆய்வுச் சூழல் இதுதான். இந்தப் பெரும் உழைப்பு இல்லாவிட்டால் பல நூறு பாடல்கள் இன்று பெயரளவில்கூட இருக்காது.

ஆனாலும் அச்சுக்கு ஓர் எல்லை உண்டு. அச்சில் ஏறும்போது பாட்டு கவிதையாகிவிடுகிறது. மூச்சு எங்கே விடப்பட்டது, எந்த அசை இழுக்கப்பட்டது, கூடப் பாடியவர்கள் எந்த இடத்தில் சேர்ந்தார்கள் என்பவை வெளியே நின்றுவிடுகின்றன. ‘தன்னன்னா’ என்ற தொடக்கம் தொகுப்பாசிரியருக்கு அடைப்புக்குறிக்குள் போடும் துண்டு. பாடுகிறவருக்கோ சுருதியும் தாளமும் பிடிபடும் இடமே அதுதான். குணசேகரன் தம் கலைக்குழுவுக்குத் ‘தன்னானே’ என்று பெயர் வைத்தார். அச்சுத் தொகுப்புகள் விட்ட பகுதியைத் தம் கலையின் அடித்தளமாக எடுத்துக்கொண்டதற்கு அந்தப் பெயரே போதிய சான்று.

மாரந்தையிலிருந்து காலாப்பட்டு வரை

சிவகங்கை மாவட்டம் இளையான்குடிக்கு அருகே மாரந்தையில் 1955 மே 12 அன்று பிறந்தவர் குணசேகரன். வானம் பார்த்த பூமி. முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் இளையான்குடியில் பள்ளி நாட்களில் பெற்ற மரியாதையையும், சுற்றுக் கிராமங்களுக்குப் போனபோது சாதி குறுக்கே நின்ற விதத்தையும் ‘வடு’ அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறது. ஒரே பையன், ஒரே வட்டாரம். ஊர் மாறினால் நடத்தும் விதமும் மாறுகிறது. பாட்டு அவருக்கு ஏன் இவ்வளவு முக்கியமாயிற்று என்பதற்கான விடையில் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. பாடுகிறவனைக் கேட்க விரும்புகிறவர்கள் குறைந்தபட்சம் அந்த நேரத்துக்காவது அவனை எதிரே நிறுத்தி, முகம் பார்த்தாக வேண்டும்.

நாட்டுப்புறக் கலைகளில் முனைவர் ஆய்வு, இடதுசாரிக் கலை இலக்கிய மேடைகள், பிறகு காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி என்று அவர் பாதை நீண்டது. அந்தப் பள்ளியின் பெயருக்கு உரியவரான சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் இறந்தவர். அவருடைய சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. பள்ளியைத் தொடக்க ஆண்டுகளில் வழிநடத்தியவர் இந்திரா பார்த்தசாரதி. நாடக இலக்கியத்தின் ஆழமான பிடிப்பு இருந்த அந்த இடத்துக்குக் குணசேகரன் கொண்டுவந்தது களத்தில் கேட்ட குரல்களை. ‘சேரிப்புறவியல்’, ‘நகர்சார் நாட்டுப்புறப் பாடல்கள்’ முதலிய அவருடைய நூல் தலைப்புகளைப் பார்த்தாலே, நாட்டுப்புறம் என்ற பொதுப்பெயருக்குள் மறைந்துபோன வாழிடங்களை அவர் தனியே பிரித்துக் காட்ட முயன்றது தெரியும்.

சின்னப்பொண்ணுவைப் போன்ற கிராமத்துப் பாடகர்களை மேடைக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. சின்னப்பொண்ணு பின்னாளில் ‘காதலில் விழுந்தேன்’ (2008) படத்தின் ‘நாக்க முக்க’ வழியாக நாடெங்கும் அறியப்பட்டார். குணசேகரன் தாம் மட்டும் பாடிப் பெயர் வாங்கியவர் இல்லை என்பதற்காக இதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு பாட்டு, ஒரு குரல்

அவர் பாடிப் பரவிய பாட்டுகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் அவருடைய கலைநோக்கு புலப்படும். ஒன்று ‘ஆக்காட்டி’. யார் இயற்றியது என்று தெரியாத பழம்பாட்டு. மற்றொன்று ‘மனுசங்கடா’. சென்னை புதுக்கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த கவிஞர் இன்குலாப் எழுதியது.

முதலில் ஆக்காட்டி. ஆட்காட்டிக் குருவி என்று பறவை நூல்கள் சொல்லும் இப்பறவையைப் பாகூர் ஏரிக்கரையிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் எப்போதும் பார்க்கலாம். கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதைமடல், நீண்ட மஞ்சள் கால், ஆள் நடமாட்டம் கண்டதும் ஊரையே கூட்டும் கத்தல். கூடு என்று ஒன்றைக் கட்டாது. கட்டாந்தரையில் சிறு குழி போதும். சுற்றிலும் நாலு கல் இருக்கலாம். பெரும்பாலும் நான்கு முட்டைகள், மண்ணின் நிறத்திலேயே கரும்புள்ளிகளோடு. காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஏர் ஓட்டுகிறவர் தலைக்கு மேல் அது சுற்றிச் சுற்றிக் கத்தினால், பக்கத்தில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

பாட்டு இந்தப் பறவையிடம் கேள்வி கேட்கிறது: எங்கே முட்டையிட்டாய், எத்தனை குஞ்சு பொரித்தாய் என்று. பறவை பதில் சொல்கிறது. குஞ்சுகளுக்கு இரை தேடிப் போன தாய் வேடனின் கண்ணியில் சிக்கிய கதை கேள்வி–பதிலாகவே விரிகிறது. பறவையின் கண்ணீர் பெருகிப் பெருகி நீர்நிலையாகிவிடும் அளவுக்குப் பாட்டு போகும். சொற்களை மட்டும் படித்தால் இது தாய்மையின் சோகம். பள்ளிப் பாடநூலில்கூடச் சேர்த்துவிடலாம். குணசேகரனின் குரலில் கேட்கும்போது வேறு ஒன்று நடக்கிறது. கேள்வி கேட்கும் பகுதியில் குழந்தையிடம் பேசுவதைப் போன்ற நெருக்கம். பதில் வளர வளர நெருக்கம் குறைந்து முறையீடு கூடுகிறது. பாட்டு முடியும்போது கண்ணியில் சிக்கியிருப்பது யார் என்று விளக்க வேண்டிய அவசியம் இருப்பதில்லை. கூலி வேலைக்குப் போகும் தாய் எவளுக்கும் அது புரியும்.

சிவகங்கைச் சீமையின் பேச்சுமொழியும் புதுச்சேரி, கடலூர் வட்டாரப் பேச்சுமொழியும் ஒன்றில்லை. அங்கே கண்மாய்ப் பாசனம். இங்கே பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. வட்டாரமே புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கியது. மொழியும் பாசனமும் வேறாக இருந்தும் பாட்டு இங்கே அந்நியப்படுவதில்லை. பறவை பொது, தரையில் முட்டையிடும் அதன் விதி பொது, நிலம் சொந்தமில்லாதவர் நிலைமையும் பொது. வட்டாரப் பாட்டு வட்டாரத்தைத் தாண்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டைத் தேடிப் பிடிப்பது கடினம்.

‘மனுசங்கடா’ நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதற்குப் பின் தமிழ்க் கவிதையில் மூண்ட கோபத்தின் வழித்தோன்றல் அது. எழுதியவருக்குப் பெயர் உண்டு, கொள்கை உண்டு, அச்சில் வந்த வடிவமும் உண்டு. ஆனால் மேடையில் ஏறிய பிறகு அதைப் பாடிய பலருக்கு எழுதியவர் பெயர் தெரியாது. ஊர்ப் பாட்டைப் போலவே வாய்வழி பரவியது. பாடகர் முதலடியைப் பாட, கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லும் அமைப்பு நடவுப் பாட்டின் அமைப்புதான். ஆசிரியர் அறியப்பட்ட ஒரு கவிதை பொதுச்சொத்தாக மாறிய அந்த வேலையைச் செய்தவை குரலும் மெட்டும்.

அப்படியானால் குணசேகரன் செய்தது என்ன? ஆசிரியர் இல்லாத பாட்டை எடுத்து, ஒரு தனிமனிதன் நெஞ்சறிந்து சொல்லும் வாக்குமூலமாகப் பாடினார். ஆசிரியர் உள்ள பாட்டை எடுத்து, ஊரே சேர்ந்து இயற்றியதைப் போலப் பாடினார். நாட்டுப்புறப் பாடல் வேறு, இயக்கப் பாடல் வேறு என்ற பிரிப்பு நூலகத்தில் செல்லும். அவருடைய நாடாவில் செல்லாது. ஆவணமா பிரச்சாரமா என்று கேட்பவர்கள் இரண்டு பாட்டுகளையும் ஒருசேரக் கேட்டால் அந்தக் கேள்வியே தளர்ந்துவிடும்.

‘மனுசங்கடா’வின் பின்வாழ்க்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். குணசேகரன் 2016 ஜனவரியிலும் இன்குலாப் அதே ஆண்டு டிசம்பர் 1 அன்றும் மறைந்தார்கள். அடுத்த ஆண்டு அம்ஷன் குமார், இறந்த தந்தையைப் பொதுப்பாதை வழியே எடுத்துச்செல்ல உரிமை கேட்டுப் போராடும் தலித் இளைஞன் ஒருவனைப் பற்றி எடுத்த படத்துக்கு ‘மனுசங்கடா’ என்றே பெயர் வைத்தார். ஒரு பாட்டின் முதற்சொல் தலைப்பாக நின்றதும், பார்ப்பவருக்கு முழுப் பொருளும் வந்துவிடுகிறது.

நாடாவும் குழாய் ஸ்பீக்கரும்

பாட்டு பரவியதற்குக் குரல் மட்டும் காரணமில்லை, சாதனமும் காரணம். இந்தியாவில் இசைத்தட்டு ஒலிப்பதிவு 1902-இல் கல்கத்தாவில் தொடங்கியது. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு எது பதிவாக வேண்டும் என்பதைச் சில இசைத்தட்டு நிறுவனங்களே முடிவு செய்தன. 1970-களின் பிற்பகுதியிலிருந்து ஒலிநாடா அந்தக் கதவை உடைத்தது. குறைந்த செலவில் பதிவு செய்யலாம், வீட்டிலேயே படியெடுக்கலாம். வட இந்தியாவைப் பற்றி பீட்டர் மானுவல் 1993-இல் வெளியிட்ட நூல், நாடா வந்த பிறகு வட்டார இசைக்கும் சிறு தயாரிப்பாளர்களுக்கும் கிடைத்த இடத்தை விரிவாகக் காட்டுகிறது. தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. இங்கே சினிமாப் பாட்டின் பிடி இன்னும் வலுவானது. ஆனால் பதிவு செய்யும் அதிகாரம் பரவலானது என்ற அடிப்படை வாதம் இங்கும் நிற்கிறது.

நாடாவைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். அகலம் 3.81 மில்லிமீட்டர். ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். அறுபது நிமிட நாடா என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். இந்த முப்பது நிமிடக் கணக்கு கலைஞரைக் கட்டுப்படுத்துகிறது. இரவு முழுக்க நீளும் கூத்தில் பாட்டுக்கு அவசரமில்லை. நாடாவிலோ ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு பாட்டுகள். ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையாக வேண்டும். எந்தப் பாட்டு முதலில், எந்தப் பாட்டோடு பக்கம் முடியும் என்ற தேர்வு நிகழ்கிறது. வயலில் பாடப்பட்ட காலத்தில் இந்தத் தேர்வுக்கு வேலையே இல்லை.

அடுத்தது, அது எங்கே ஒலித்தது என்பது. வில்லியனூர், பாகூர் கிராமங்களில் பாட்டு கேட்பது பெரும்பாலும் தனிமனிதச் செயலாக இருந்ததில்லை. பிரான்சிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்த ‘டூ இன் ஒன்’ பெட்டி சில வீடுகளில் இருந்தது உண்மை. ஆனால் ஊர் முழுக்கக் கேட்டது மைக் செட்டில்தான். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சாவு வீடு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் தென்னை மரத்திலோ மின்கம்பத்திலோ குழாய் ஸ்பீக்கர் கட்டப்படும். தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் ஒலிநாடாக்கள் சடங்கின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டதை பால் கிரீன் 1999-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை விவரிக்கிறது. எதை எப்போது, எவ்வளவு சத்தத்தில் போடுவது என்பது ஊரின் உறவுகளையும் போட்டிகளையும் வெளிப்படுத்தும் செயல் என்பது அவர் வாதத்தின் சாரம். ஊரின் ஒரு முனையிலிருந்து எழும் பாட்டு மறுமுனைக்கும் கேட்கும். தெருவை வேலி போட்டுப் பிரிக்கலாம், ஒலியைப் பிரிக்க முடியாது. ‘மனுசங்கடா’ குழாய் ஸ்பீக்கரில் ஒலித்தது என்றால், அதைக் கேட்க விரும்பாதவர் வீட்டுக்குள்ளும் அது போனது என்று பொருள்.

குழாய் ஸ்பீக்கரின் இயல்பும் கவனத்துக்கு உரியது. ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலிகளை அது சரியாகத் தராது. பெரிய தோற்கருவிகளின் அடிநாதம் போய்விடும்; எஞ்சுவது குச்சி தோலில் படும் ஓசை. மனிதக் குரலின் நடுப்பகுதியும் அதற்கு மேலுள்ளதும் மட்டும் கூர்மையாக வெளிவரும். மெல்லிய குழைவுகளை நம்பிப் பாடுகிறவரின் பாட்டு இதில் கரைந்துவிடும். உச்சரிப்பில் உறுதியும் மேல்நிலையில் திறந்த குரலும் உள்ளவர் பாட்டு வயலைத் தாண்டும். குணசேகரனின் குரல் இரண்டாம் வகை. மைக் இல்லாத காலத்து வயல்வெளிப் பாட்டும் கூத்தும் தொலைவைக் கடக்கும் குரலையே வளர்த்தன. அந்தக் குரல்முறைக்குக் குழாய் ஸ்பீக்கர் இயல்பாகவே ஒத்துப்போனது. இது தற்செயலாக நேர்ந்த பொருத்தமாக இருக்கலாம். இருந்தாலும் அவருடைய பதிவுகளின் தாக்கத்தை விளக்கும்போது கொள்கையை மட்டும் பேசிவிட்டு ஒலியை விட்டுவிடக் கூடாது.

1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணங்கள் நடந்தன. எழுத்தறியாதவர்களை வகுப்புக்கு அழைக்கப் பாட்டும் வீதி நாடகமும் பயன்பட்டன. கொம்யூன் கொம்யூனாகப் போன அந்த இயக்கம், நாட்டுப்புற மெட்டில் புதிய செய்தி சொல்லும் வடிவத்தைக் கிராமத்துக் காதுகளுக்குப் பழக்கப்படுத்தியது. குணசேகரனின் வகையைச் சேர்ந்த பாட்டுகள் கேட்கப்பட்ட சூழலைப் புரிந்துகொள்ள இந்தப் பின்புலமும் சேர வேண்டும்.

எதிர்வாதங்கள்

இந்த வாசிப்புக்கு வலுவான மறுப்புகள் இருக்கின்றன. முதலாவது, மூலத்தன்மை பற்றியது. நடவுப் பாட்டு நடவில்தான் உயிரோடு இருக்கும். சேற்றில் கால் வைக்காமல், நாற்றுமுடி கையில் இல்லாமல், கூடத்தில் மைக் முன் நின்று பாடினால் அது வேறொன்று என்று களஆய்வாளர் சிலர் சொல்வார்கள். வேறொன்றுதான். அதை மறுக்கத் தேவையில்லை. பாகூரில் இன்று நடவு இயந்திரம் இறங்கும் வயல்களில் பாடுவதற்கு ஆளில்லை. பாட்டு வேறொரு வடிவம் எடுக்காவிட்டால் அதற்கு எந்த வடிவமும் மிஞ்சாது. மேலும், கூடத்துப் பாட்டு தன்னை வயல்பாட்டு என்று சொல்லிக்கொள்ளாத வரை அதில் பொய்மை எதுவும் இல்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. பாட்டு யாருடையது? பெயர் தெரியாத பெண்கள் தலைமுறைகளாகப் பாடியதை ஒரு பேராசிரியர் பதிவு செய்தால் உறையில் யார் பெயர் வரும்? டெக்சஸில் வளர்ந்த ஜான் லோமாக்ஸ் இதற்குப் பொருத்தமான உலக எடுத்துக்காட்டு. அவரும் மகன் ஆலனும் 1933-இல் லூசியானாவின் அங்கோலா சிறையில் லெட் பெல்லி என்ற கறுப்பினப் பாடகரைப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகள் அமெரிக்க இசையின் போக்கையே மாற்றின. லெட் பெல்லி 1949 டிசம்பரில் இறந்தார். அவர் பாடிப் பரப்பிய ‘குட்நைட் ஐரீன்’ அடுத்த ஆண்டு வேறொரு குழுவின் குரலில் நாடெங்கும் ஒலித்தது. பாட்டின் உரிமையில் லோமாக்ஸின் பெயரும் இருந்தது. காப்பாற்றியவர் பங்கு கேட்பது சரியா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

குணசேகரனின் நிலை லோமாக்ஸின் நிலை அன்று. அவர் வெளியிலிருந்து கருவி தூக்கிக்கொண்டு வந்தவர் இல்லை. யாருடைய பாட்டைப் பாடினாரோ அந்த மக்களுக்குள் பிறந்தவர். அதனால் கேள்வி இலேசாகிறதே தவிர, மறைந்துவிடவில்லை. கொல்லங்குடி கருப்பாயியைப் போன்று வானொலி வழியாகவும் ‘ஆண்பாவம்’ (1985) படத்தின் வழியாகவும் தம் பெயரிலேயே அறியப்பட்ட கிராமத்துப் பெண்கள் மிகக் குறைவு. குணசேகரனின் பாட்டுகள் ஒவ்வொன்றும் எந்த ஊரில், யாரிடம் கற்கப்பட்டது என்று தேடி எழுதுவது அவர் புகழைக் குறைக்காது. தமக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர்களின் வரிசையில் அவரை நிறுத்தும்.

மூன்றாவதாக ஓர் ஒப்பீடு. பறட்டை என்று அறியப்பட்ட ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு, மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்துகொண்டு நாட்டுப்புற இசையில் கிறித்தவ வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். அவரைப் பற்றி இசையியலாளர் ஜோ ஷெரினியன் 2014-இல் ஒரு முழு நூல் எழுதினார். மெட்டு, தாளம், பாடிய சபைகள், மாறிய சொற்கள் எல்லாவற்றையும் அந்நூல் எடுத்துப் பேசுகிறது. அப்பாவுவுக்குக் கிடைத்த செவிகூர்ந்த ஆய்வு குணசேகரனுக்கும் கிடைக்க வேண்டும். அவருடைய நாடகங்களைப் பற்றிய ஆய்வேடுகளின் நடுவே, ஒலிநாடாவின் ‘ஏ’ பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாட்டுப் பாட்டாக ஆராயும் ஓர் ஆய்வேடு தாராளமாக இடம்பெறலாம்.

இனி செய்ய வேண்டியது

டெக்சஸின் சான் அன்டோனியோவில் 1941-இல் பிறந்து, மெக்சிகோ வழி மக்களின் அக்கார்டியன் நடன இசையையும் ப்ளூஸையும் ராக் இசையோடு கலந்த டக் சாம் 1999-இல் இறந்தார். அவருடைய பதிவுகள் மறுபதிப்பாகும்போது எந்த ஆண்டு, எந்தக் கூடம், யார் வாசித்தது என்ற குறிப்புகளும் கூடவே அச்சாகின்றன. ஊர் இசையில் வேர்விட்ட கலைஞரை அவருடைய மக்கள் கொண்டாடும் முறைகளில் இதுவும் ஒன்று. ரசிகர்களின் அன்பு அங்கே பட்டியலாகவும் தேதியாகவும் வடிவெடுக்கிறது. இங்கே அன்புக்குக் குறைவில்லை. பட்டியல்தான் இல்லை.

காலம் அதிகமும் இல்லை. காந்த நாடாவில் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரக்காற்றில் இளகும்; கடலோரப் புதுச்சேரியில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். பல ஆண்டு ஓடாமல் கிடந்த நாடாவைச் சட்டென்று இயந்திரத்தில் போட்டால் அறுந்துவிடவும் கூடும். முதலில் உறையையும் நாடாவின் மேலொட்டியையும் படம் எடுக்க வேண்டும். அதில் உள்ள பாட்டு வரிசை, துணைப் பாடகர், வாத்தியக்காரர் பெயர்களே பாதி வரலாறு. பிறகு, பழக்கப்பட்டவர் கையால் ஒருமுறை ஓட்டி, எண்மப் படியெடுக்க வேண்டும். இதற்கு முன்மாதிரி நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. 1982-இல் அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் தொடங்கிய இனக்குழு இசை ஆவணக் காப்பகம் குருகிராமில் இயங்குகிறது. பதிவு செய்தவர், பாடியவர் இருவரின் உரிமையையும் எழுத்தில் பதிந்துகொண்டு ஒலிப்பதிவுகளைப் பாதுகாக்கும் நடைமுறை அங்கே உண்டு.

தேட வேண்டிய இடங்களில் பல்கலைக்கழக நூலகமும் குடும்பத்தாரின் அலமாரியும் முதலில் வரும். அவற்றோடு நிறுத்திவிடக் கூடாது. வில்லியனூரிலும் பாகூரிலும் கிருமாம்பாக்கத்திலும் மைக் செட் வாடகைக்கு விட்டவர்களின் பழைய மரப்பெட்டிகளையும் பார்க்க வேண்டும். நிகழ்ச்சி நடக்கும்போதே மேடையில் பாடியதை நாடாவில் பிடித்து வைக்கும் வழக்கம் மைக் செட்காரர்களிடம் இருந்தது. வெளியிடப்பட்ட நாடாவில் பக்கத்துக்கு முப்பது நிமிடத்துக்குள் அடங்க வேண்டிய பாட்டு, மேடையில் கூட்டத்தின் குரலோடு எவ்வளவு நீண்டது, எந்த அடி கூடியது, எந்தப் பெயர் புதிதாக நுழைந்தது என்பதையெல்லாம் அப்படியொரு பதிவு கிடைத்தால்தான் ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.